புதுப்பிப்பு: அம்மாவின் கால் வீக்கம்

போன மாதம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். அம்மாவின் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, முடி கொத்தாக வருகிறது, அட்டை கடித்த புண் ஆறவே இல்லை என்று. சிறுநீரகத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. ஹட்டனில் சோதித்தோம். சிறுநீரில் புரதம் போகவில்லை, ஈரலும் பரவாயில்லை. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 2.9, சாதாரணமாக 3.5க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் இந்த அல்புமினுக்குப் பெரிய பங்கு. அது குறைந்தால் நீர் கசிந்து காலில் தேங்குகிறது. நானோ உப்பைக் குறை, உப்பைக் குறை என்று அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன்.

சரி, ஏன் குறைந்தது? டொக்டர் கேட்டபோதுதான் யோசித்தேன். பல் போனதிலிருந்து காலையில் ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்துச் சாப்பிடுவார். பகலுக்கும் ரொட்டி, சம்பல். இரவு சோற்றில் பருப்புத் தண்ணீர் மட்டும். பருப்பு எங்கள் தட்டில். கொழுந்துக் கூடை சுமந்த தோள் இப்படி வற்றியதை வயசு என்றே நினைத்தோம்.

வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டுமாம். அம்மா 42 கிலோ. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அதனால் இப்போது முட்டையோடு கெட்டிப் பருப்பு, மசித்த கடலை, இடித்த நெத்தலி, தயிர்.

ஐந்து வாரத்தில் புண் மூடிவிட்டது. வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது. முடி இன்னும் கொட்டுகிறது. அடுத்த இரத்தச் சோதனை மாதக் கடைசியில்.