ஸ்ட்ரிங் லைப்ரரி: நீளம், ட்ரிம், ஸ்ப்ளிட் எப்படி வைப்பது?

கேள்வி:
சின்ன ஸ்கிரிப்டிங் மொழி ஒன்றுக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஃபங்ஷன்கள் எழுதுகிறேன். உள்ளே யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை), ஸ்ட்ரிங் மாறாதது. நீளம் கேட்டால் எதை எண்ணித் தருவது? ஓரங்களை வெட்டும் ட்ரிம்முக்கு, எதை நீக்குவது என்று சொல்ல இரண்டாவது ஆர்க்யுமென்ட் வேண்டுமா? ஸ்ட்ரிங்கைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டில் காலித் துண்டுகளை வைப்பதா, விடுவதா?

பதில் 1:
'நீளம்' என்று மொட்டையாகப் பெயர் வைக்காதீர்கள். "தமிழ்" கண்ணுக்கு 3 எழுத்து. கோட்பாயிண்ட் (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி) 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் 15 பைட். நிரல் மொழிகளில் ஸ்விஃப்ட் 3 என்னும், பைத்தான் 5 என்னும், கோ 15 என்னும். பைட்நீளம், எழுத்துநீளம் என்று இரண்டாக வையுங்கள். பைட்நீளம் உடனே கிடைக்கும். எழுத்துநீளத்துக்கு முழு ஸ்ட்ரிங்கையும் நடந்து பார்க்க வேண்டும். லூப் கண்டிஷனில் அதைப் போட்டால் வேகம் படுத்துவிடும். இதை டாக்குமென்டில் சொல்லிவிடுங்கள்.

கோட்பாயிண்ட் கணக்கில் வெட்ட விடாதீர்கள். முதல் 4 எடுத்தால் "தமிழ" வரும், புள்ளி போச்சு. தலைகீழாக்கினால் இகரக் குறி ழகரத்தில் ஏறிக்கொள்ளும். தேடும் ஃபங்ஷன் பைட் இடத்தைத் தரட்டும். எழுத்தின் நடுவே வெட்டச் சொன்னால் எரர் கொடுங்கள்.

பதில் 2:
ட்ரிம் வெற்றிடத்தை மட்டும் நீக்கட்டும். பைத்தானின் எல்ஸ்ட்ரிப் (இடது ஓர ட்ரிம்) இரண்டாவது ஆர்க்யுமென்டைச் சொல்லாகப் பார்க்காது, குறிகளின் தொகுப்பாகப் பார்க்கும். "மாமரம்" என்பதிலிருந்து "மா"வை நீக்கச் சொன்னால் "மரம்" வராது, "ரம்" வரும்! முன்னொட்டை நீக்கத் தனி ஃபங்ஷன் பைத்தான் 3.9இல்தான் வந்தது. நீங்கள் முதல் நாளே தனியாக வையுங்கள்.

ஸ்ப்ளிட்டில் காலித் துண்டுகள் இருக்கட்டும். "அ,ஆ,," என்பதை ஜாவா இயல்பாக 2 துண்டாகத் தரும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வரியில் கடைசி இரண்டு காலம் காணாமல் போகும். பிரித்ததைச் சேர்த்தால் பழைய ஸ்ட்ரிங்கே திரும்பி வரணும், அதுதான் டெஸ்ட். பிரிப்பான் காலியாக இருந்தால் எரர். பிரிப்பானை ரெஜெக்ஸாக (தேடல் வடிவமாக) எடுக்கவே வேண்டாம்: ரெஜெக்ஸில் புள்ளி எந்தக் குறிக்கும் பொருந்தும், அதனால் ஜாவாவில் வெறும் புள்ளியால் "1.2"வைப் பிரித்தால் ஒரு துண்டும் மிஞ்சாது. வெற்றிடத்தில் பிரிக்க 'சொற்கள்' என்று வேறு ஃபங்ஷன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எழுத்துநீளத்தில் "க்ஷ" ஒன்றா, இரண்டா?

பதில் 1:
யூனிகோடின் இயல்பு விதிப்படி இரண்டு: க், ஷ. 2023இல் வந்த யூனிகோட் 15.1 தேவநாகரி உள்ளிட்ட சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒன்றாக்கியது; தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. சொந்த விதி போடாதீர்கள், எந்தப் பதிப்பின் அட்டவணை என்று மட்டும் குறிப்பிடுங்கள். இன்னொன்று: "கொ"வின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரும், எகரக் குறி, ஆகாரக் குறி என்று பிரிந்தும் வரும். திரையில் ஒன்றுதான், ஒப்பிட்டால் சமமில்லை. என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்த பொது வடிவம்) ஆக்கும் ஃபங்ஷனைக் கொடுங்கள். தானாக ஆக்காதீர்கள், கோப்புப் பெயரின் பைட்டுகள் மாறிவிடும்.