நடுத்தர நகரம் உள்ளே வளர வேண்டுமா, வெளியே வளர வேண்டுமா?

பாதசாரி எழுதியது:

ஒன்றிரண்டு லட்சம் பேர் வாழும் நகரங்களை மனத்தில் வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். மக்கள்தொகை கூடக்கூட இத்தகைய நகரங்களின் விளிம்பில் புதுக் குடியிருப்புகள் எழுகின்றன. நடுவே இருக்கும் பழைய கடைவீதியிலோ கீழ்த்தளத்தில் கடை நடக்கிறது, மேல்தளங்கள் பூட்டிக் கிடக்கின்றன. புதிதாகக் குடிவருவோரில் கணிசமான பங்கினரை நகர மையத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தடையாக நிற்பவற்றுள் முதன்மையானது, ஒவ்வொரு கட்டடமும் இத்தனை வாகனங்களுக்குக் கட்டாயம் இடம் விட வேண்டும் என்ற விதி. ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும். அது வந்து திரும்பி வெளியேறும் பாதையையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். 30 சதுர மீட்டர் தளத்துக்கு ஒரு கார் என்று விதி சொன்னால், கடைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் வண்டிக்கும் போய்விடுகிறது. 6 மீட்டர் முகப்புள்ள பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தால், அதே மனையில் அதே அளவில் அதைத் திரும்பக் கட்ட இயலாது.

அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. அதன்பின் வந்த திட்டங்களில், கடையும் வீடும் கலந்த கட்டடங்கள் பழைய அளவைவிடக் குறைவாகவே நிறுத்துமிடம் அமைத்தன. வேண்டியவர்கள் அமைத்துக்கொண்டார்கள்; தேவையற்றவர்கள்மீது சுமை ஏறவில்லை.

புறவழி எழுதியது:

நண்பர் பாதசாரியின் கணக்கில் பிழை இல்லை, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. நகர மையத்தில் மனைகள் சிறியவை. ஒரே மனைக்கு நான்கைந்து வாரிசுகள் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் வேலை நின்றுவிடும். விளிம்பில் ஒரே நிலத்தில் இரண்டு ஆண்டுகளில் முந்நூறு வீடுகளைக் கட்டி முடிக்கலாம். இன்று வீடு தேடும் குடும்பத்தைப் பத்தாண்டு காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மேலும், மையத்தை உயிர்ப்பிக்கிறோம் என்று செய்யப்பட்ட சோதனைகள் பல தோற்றிருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரம் 1959இல் தன் கடைவீதியின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. அதைப் பார்த்து அந்நாட்டில் ஏராளமான நகரங்கள் அவ்வாறே செய்தன. அவற்றுள் பெரும்பாலானவை பிற்பாடு வண்டிகளை மீண்டும் அனுமதித்தன. கலமசூவே 1998இல் அந்த வீதியின் ஒரு பகுதியை வாகனங்களுக்குத் திறந்துவிட்டது.

நிலஅளவர் எழுதியது:

விளிம்பில் விரைவாகக் கட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே போடும் குழாயையும் சாலையையும் காலமெல்லாம் பராமரிக்கப்போவது யார்? சாலையின் இருபுறமும் சேர்த்து, ஒவ்வொன்றும் 20 மீட்டர் முகப்புள்ள 100 வீடுகள் இருந்தால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை, குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாம் வேண்டும். முகப்பு 6 மீட்டர் என்றால் அதே 100 வீடுகளுக்கு 300 மீட்டர் போதும். முதல்முறை மனை விற்பவர் போட்டுத் தருகிறார். பல பத்தாண்டுகள் கழித்து அது துருப்பிடிக்கும்போது முழுச் செலவும் நகராட்சியின் தலையில் விழுகிறது. அந்த ஒரு கிலோமீட்டரை மாற்ற 100 வீடுகளின் சொத்து வரி போதாமல் போனால், மையத்தில் இருப்பவர்களின் வரிதான் அதை ஈடுகட்டுகிறது.

கலமசூவைப் பற்றி ஒரு சொல். அந்த நடைவீதியைத் திட்டமிட்ட விக்டர் குரூயன்தான், மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1956இல், மின்னசோட்டாவில் சவுத்டேல் என்னும் கூரையிட்ட பேரங்காடியை நகருக்கு வெளியே வடிவமைத்தவர். அத்தகைய அங்காடிகள் நாடெங்கும் பெருகி நகர மையங்களிலிருந்து வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், வீதியில் கல் பாவுவதால் மட்டும் கடைகள் பிழைத்துவிடும் என்று எதிர்பார்த்ததே தவறு. அந்த வீதிகளின் மாடிகளில் போதிய ஆட்கள் குடியிருக்கவில்லை.

கடைக்காரர் எழுதியது:

ஒரு கடைவீதியில் இருபது ஆண்டுகளாக வணிகம் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் வீதியை அழகுபடுத்துவதாகச் சொல்லித் தோண்டினார்கள். நான்கு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆனது. கடை வாசலுக்கும் சாலைக்கும் நடுவே மார்பளவுப் பள்ளம். அதன்மேல் இரண்டு பலகைகள். முழங்கால் வலியுள்ள பெரியவர் ஒருவர் எதிர்ப்புறம் நின்று சிறிது நேரம் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் கல்லாவில் இருந்தபடி பார்த்தேன். எங்கள் வரிசையில் நான்கு கடைகள் மூடப்பட்டன. வீதி அழகானபோது அவற்றின் உரிமையாளர்கள் அங்கே இல்லை.

ஆனாலும் புறவழி அவர்களின் பக்கம் நான் நிற்கவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் எனக்குச் சோறு போட்டவர்கள் அந்த வீதியின் மாடிகளில் குடியிருந்த ஒன்பது குடும்பங்கள்தான். அவர்கள் பலகையைக் கடக்க வேண்டியிருக்கவில்லை. வேலை செய்வதென்றால் ஐம்பது ஐம்பது மீட்டராகத் தோண்டி மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

புறவழி எழுதியது:

கடைக்காரர் ஐயா சொன்னது என்னை யோசிக்க வைத்தது. எனினும் ஒரு கவலை எஞ்சுகிறது: மையம் செழித்தால் வாடகை ஏறும், அந்த ஒன்பது குடும்பங்களே முதலில் வெளியேறும். ஸ்பெயினின் பொந்தேவேத்ரா நகரம் 1999 முதல் தன் மையத்தில் வாகனங்களைக் கட்டுப்படுத்தி வெற்றி கண்டதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நடந்தே கடந்துவிடக்கூடிய அந்தப் பழைய நகரத்தின் பாடத்தைக் காரை நம்பிப் பரந்துவிட்ட நகரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

பாதசாரி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். வீதியை முழுவதுமாக மூட வேண்டியதும் இல்லை. தென் கரோலினாவின் கிரீன்வில், 1970களின் இறுதியில் தன் முதன்மை வீதியை நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறுக்கி மரங்களை நட்டது. கார்கள் இன்றும் அங்கே போகின்றன. அருவியை ஒட்டிய பூங்காவும் நடைபாலமும் 2004இல்தான் வந்தன. ஏறத்தாழ கால் நூற்றாண்டுப் பொறுமை அது. வாடகையைப் பொறுத்தவரை, பத்து மாடிகள் மட்டும் திறந்தால் ஏறத்தான் செய்யும். நூறு மாடிகள் ஒருசேரத் திறந்தால் ஏற்றம் மட்டுப்படும். அதனால்தான் பூட்டிக் கிடக்கும் மேல்தளங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

அவை ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று பல கட்டடங்களில் ஏறிப் பார்த்தேன். கடையை அகலப்படுத்துவதற்காக, தெருவிலிருந்து மாடிக்குப் போன தனிப் படிக்கட்டை இடித்திருக்கிறார்கள். இப்போது கடைக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும். படிக்கட்டை மீண்டும் கட்ட முகப்பில் ஏறக்குறைய 1.2 மீட்டர் தேவைப்படும். கடைக்காரர் ஐயா, உங்களைப் போன்றவர்கள் அதை விட்டுக்கொடுப்பீர்களா?

கடைக்காரர் எழுதியது:

என் முகப்பு 5.5 மீட்டர். அதில் 1.2 மீட்டர் போனால் கண்ணாடி அலமாரி ஒன்றை எடுத்துவிட வேண்டும். மாடி வாடகையில் எனக்கு ஒரு பங்கு உண்டு என்று கட்டட உரிமையாளர் எழுதிக் கொடுத்தால், படிக்கட்டு வேலை என் வாசலை ஒரு மாதத்துக்கு மேல் மறைக்காது என்று நகராட்சி எழுதிக் கொடுத்தால், நான் சம்மதிக்கிறேன்.