ஆட்டோ டோஸ் வாஷிங் மெஷின்: உப்புத் தண்ணி ஏரியாக்காரங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

திருநகர்:

வணக்கம் மக்களே. சோப்பு லிக்விடத் தானே அளந்து ஊத்திக்கிற ஆட்டோ டோஸ் வச்ச ஃபிரண்ட் லோடு (முன்பக்கம் கதவு இருக்க மெஷின்) வாங்கலாமான்னு நெறைய பேரு கேக்குறீங்க. நான் வாங்கி ரெண்டு வருசம் ஆகப்போகுது, நடந்தத அப்படியே சொல்லிர்றேன்.

வாங்குனதே எங்கம்மாவுக்காகத்தான். அவுங்களுக்குக் கண்ணுல புரை, லிக்விட் மூடில இருக்க கோடு தெரியாது, ஒரு நாள் அரை மூடி ஊத்துவாங்க ஒரு நாள் ரெண்டு மூடி, நான் வேலை முடிஞ்சு வந்து பாத்தா பாத்ரூம் பூரா நுரையா நிக்கும். ஆட்டோ டோஸ்ல அந்தக் கதையே இல்ல. உள்ள ஒரு டேங்க், எங்க மெஷின்ல ஒரு லிட்டர் பிடிக்குது, நெரப்பி விட்டுட்டா கொஞ்ச நாளைக்கு அங்கிட்டுப் போகவே வேணாம். துணியப் போட்டு பட்டனத் தட்டுனதும் தண்ணி விடுறதுக்கு முன்னாடி டிரம்ம ரெண்டு சுத்து சுத்தி எடை பாத்துக்கும், அதுக்குத் தக்கன ஒரு சின்ன பம்பு லிக்விட இழுத்து விட்ரும். அம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம், யாரையும் எதிர்பாக்காம அவுங்களே துவைச்சுக்கிட்டாங்க.

மூணாவது மாசம் ஆரம்பிச்சுச்சு. அப்பாவோட வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்படிச்சுப் போச்சு, துண்டு காஞ்சா அப்பளம் மாதிரி வெறைச்சு நிக்குது, தொவட்டுனா மேலெல்லாம் சுள்ளுங்குது. மெஷின்தான் கோளாறுன்னு நெனச்சு சர்வீஸுக்குச் சொன்னோம். வந்த தம்பி டேங்கையும் பம்பையும் பாத்துட்டு சொன்னாப்ள, "அக்கா, மெஷின்ல ஒண்ணுமில்ல. அது துணி எடையத்தான் பாக்கும், தண்ணி உப்பா நல்ல தண்ணியான்னு அதுக்குத் தெரியாதுக்கா. அத நீங்கதான் செட்டிங்ல சொல்லணும்". வாங்குறப்ப கடையில ஒருத்தரும் இதச் சொல்லல, எனக்கு இன்னைக்கும் அது வருத்தம்தான்.

அப்புறம் போர் தண்ணிய லேப்ல குடுத்துப் பாத்தேன், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிதண்ணிக்கே 200க்குள்ள இருக்கணும், வேற தண்ணி இல்லேன்னா 600 வரைக்கும் பரவால்லன்னுதான் இந்தியத் தர நிர்ணயத்துல இருக்கு. அதுல இருக்க கால்சியமும் மெக்னீசியமும் லிக்விடப் பாதி தின்னுருது, அழுக்கெடுக்க மிச்சம் என்ன இருக்கும்? டிடிஎஸ் மீட்டர வச்சு இத முடிவு பண்ணாதீங்க, அது எல்லா உப்பையும் சேத்துக் காட்டும், துணிக்குப் பகை இந்த ரெண்டுதான்.

செட்டிங்ல லிக்விட் அளவு 40 மில்லில இருந்தத 65க்கு ஏத்துனேன், ரெண்டு வாரத்துல துண்டு மெத்துன்னு ஆயிருச்சு. ஆனா ஐப்பசில மழை பேஞ்சு கார்ப்பரேஷன் தண்ணி நல்லா வர ஆரம்பிச்சதும் வீட்டுத் தண்ணித் தொட்டிய அதுல நெரப்புனோம், செட்டிங்க மாத்த மறந்துட்டேன். நல்ல தண்ணியில 65 ரொம்ப ஜாஸ்தி. நுரை அடங்காம மெஷின் தானாவே திரும்பத் திரும்ப அலசுது, ஒரு மணி நேரத்துல முடியிறது ரெண்டு மணி நேரம் ஓடுது, அம்மாவுக்கு ரவிக்கை கை பிடிக்கிற எடத்துல செவந்து ஒரே அரிப்பு. 35க்கு எறக்குனப்பறம்தான் நின்னுச்சு.

மேலூர்:

அக்கா நல்லவேளை சொன்னீங்க. எங்க வீட்ல மாமியா லிக்விட் தீந்துருச்சேன்னு பவுடரத் தண்ணியில கரைச்சு டேங்க்ல ஊத்திட்டாங்க, பாவம் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. பம்பு அடைச்சுக்கிச்சு. டேங்க உருவிப் பாத்தா அடியில நுங்கு மாதிரி கெட்டியா நிக்குது, வெதுவெதுப்பான தண்ணியில மூணு நாள் ஊறப்போட்டு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால சுரண்டுனேன். ஒரு கம்பெனி லிக்விட் மேல இன்னொரு கம்பெனி லிக்விட ஊத்துறதும் தப்பாம், ரெண்டும் சேந்து திரிஞ்சுக்குமாம். மாத்துறதா இருந்தா கழுவிட்டு மாத்துங்க.

ஒத்தக்கடை:

ஊருக்குப் போறவங்க டேங்கக் காலி பண்ணிட்டுப் போங்க. சித்திரைத் திருவிழா முடிஞ்சு லீவுக்குப் பிள்ளைகளோட ஒரு மாசம் போயிட்டு வந்தோம், வெயிலுக்கு லிக்விட் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டிருச்சு.

இன்னொண்ணு, புதுச் சுங்குடிச் சேலைய இதுல போட்றாதீங்க. முதல் ரெண்டு மூணு தடவ கல்லுப்புத் தண்ணியில தனியா முக்கி கையாலதான் அலசணும், அப்புறம் போட்டாலும் ஆட்டோ டோஸ ஆஃப் பண்ணிட்டு கொஞ்சூண்டு லிக்விட நீங்களே ஊத்துங்க.

கோச்சடை:

எங்ககிட்ட பாத்திரம் கழுவுற மெஷின் இருக்கு. அதுல உப்புத் தண்ணிக்குன்னே அடியில தனியா உப்புப் போடுற எடம் இருக்கும், உள்ள ரெசின்னு சின்னச் சின்ன மணியா இருக்கும், அது தண்ணியில உள்ள கால்சியத்தப் புடிச்சுக்கும், உப்பு அந்த ரெசினக் கழுவி மறுபடி தயார் பண்ணும். சமையல் உப்பு போடக்கூடாது, அதுக்குன்னு விக்கிற உப்புதான். துணி மெஷின்லயும் இப்படி ஒண்ணு வச்சா நம்ம ஏரியாவுக்கு எம்புட்டு நல்லாருக்கும். திருநகர் அக்கா, தொட்டியில எந்தத் தண்ணி இருக்குன்னு அம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? மாத்தி மாத்தி வருமே?

திருநகர்:

தம்பி, முதல்ல நான் மெஷின் மேல மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டுனேன், போர்னா 65, கார்ப்பரேஷன்னா 35ன்னு. ஆனா அம்மாவுக்கு அது தேவைப்படல. அடுப்புல பருப்பு வேக நேரமாச்சுன்னாலே போர் தண்ணின்னு சொல்லிருவாங்க. சந்தேகமா இருந்தா கொழாயத் தொறந்து குளிக்கிற சோப்பக் கையில தேய்ச்சுப் பாப்பாங்க, வழுவழுன்னு சட்டுன்னு நுரைச்சா நல்ல தண்ணி, திரிதிரியா கையில ஒட்டுனா போர். அப்புறம் செட்டிங் பட்டனத் தட்டித் தட்டி சத்தத்த எண்ணிக்கிட்டே அளவ வச்சுட்டு, துணியப் போட்டு கதவச் சாத்திருவாங்க.