ரன்எக்ஸ்1 கோடு காணவில்லை என்றால் முதலில் எதைச் சந்தேகிப்பது?

வரிக்குதிரை மீன் கருவில் ஒரு படியெடுத்தல் காரணியை முடக்கிவிட்டு, 28 மணி நேரத்தில் இரத்த ஸ்டெம் செல் பிறப்பதைக் காட்டும் ரன்எக்ஸ்1 ஜீனுக்கு இன்-சிட்டு (ஜீன் எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் சாயமேற்றல்) போடுகிறோம். முதுகுப் பெருந்தமனியின் அடிச்சுவரில் தெரியவேண்டிய ஊதாக் கோடு இல்லை. "இந்தக் காரணி இல்லாமல் இரத்த ஸ்டெம் செல் பிறக்காது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதல் சந்தேகம் கருவின் வயது மேல்தான் வரவேண்டும்.

கருவின் வயதுக் கணக்கெல்லாம் 28.5 டிகிரி செல்சியஸுக்கு உரியது. வெப்பநிலையை 0.055-ஆல் பெருக்கி 0.57-ஐக் கழித்து, வரும் எண்ணால் கடந்த மணி நேரத்தைப் பெருக்கினால் உண்மையான வயது கிடைக்கும். இன்குபேட்டர் 26 டிகிரியில் நின்றால் 28 மணி நேரக் கரு 24 மணி நேரக் கருதான். அந்த நேரத்தில் ரன்எக்ஸ்1 தொடக்க நிலையில்தான் இருக்கும். ஜீனை முடக்க ஊசி போட்ட கருக்களும் பின்தங்கும். ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டுத் தலைக்கும் உடலுக்கும் உள்ள கோணத்தைப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் சுமார் 120 டிகிரி, 36-இல் சுமார் 75. கோணம் ஒத்துப்போகும் கருக்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

* * *

வயது சரி என்றால் அடுத்தது சாயம். ரன்எக்ஸ்1 தண்டுவடத்தின் மேல்விளிம்பிலுள்ள ரோஹன்-பியர்ட் நரம்பணுக்களிலும் வரும். தமனியில் கோடு இல்லை, ஆனால் முதுகில் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன என்றால் புரோப் (ஜீனின் ஆர்என்ஏவைத் தேடி ஒட்டும் துண்டு) வேலை செய்திருக்கிறது. இரண்டுமே இல்லை என்றால் அந்தக் குழாயைத் தூக்கிப் போடுங்கள், அதிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

* * *

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அந்த நரம்பணுக்கள் தோலுக்கு அடியிலேயே இருப்பவை. தமனியோ உடலின் நடுவில் புதைந்திருக்கிறது. புரோப் உள்ளே நுழையத் திசுவைக் கொஞ்சம் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே போதவில்லை என்றால் மேலே புள்ளிகள் பளிச்சென்று வரும், உள்ளே ஒன்றும் வராது. பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வைத்தால் 24 மணி நேரக் கருவுக்கு 10 நிமிடம், 36 மணி நேரக் கருவுக்கு 30 நிமிடம். பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் மறுபடி நிலைப்படுத்த வேண்டும். நொதி லாட்டுக்கு லாட்டு மாறும். புதுப் புட்டி திறந்தால் சாதாரணக் கருக்களில் 5, 10, 15 நிமிடம் என்று ஓட்டிப் பார்த்துவிட்டே நல்ல கருக்களைத் தொடுங்கள். நேரம் மிஞ்சிப்போனால் வால் துடுப்பு பிய்யும், மஞ்சள் கருப் பை உடையும். ஆழத்துக்கு நம்பகமான சாட்சி, இரத்த நாளங்களைக் காட்டும் கேடிஆர்எல் புரோப். அதே தொகுதிக் கருக்களில் ஒரு பங்குக்கு அதைப் போடுங்கள்.

* * *

கேடிஆர்எல் போட இன்னொரு காரணமும் உண்டு: தமனி உருவாகியிருக்கிறதா என்பதே கேள்விக்குறியாக இருக்கலாம். ஈடிவி2, எஸ்சிஎல் போன்ற காரணிகளைத் தொட்டால் இரத்தமும் நாளமும் சேர்ந்தே கெடும்; குளோச் என்ற ஜீன் பிறழ்ந்த கரு அதற்குப் பேர்போனது. நாளம் இருந்து தமனிக் குணம் மட்டும் இல்லை என்றால் தமனிக்கே உரிய இஎஃப்என்பி2ஏ ஜீனின் புரோப் காட்டிக்கொடுக்கும். செல்லுக்குச் செல் போகும் நாட்ச் சமிக்ஞை அறுந்தாலும் ரன்எக்ஸ்1 வராது.

இதையெல்லாம்விட அடிக்கடி கவிழ்ப்பது இதயம். சுமார் 24 மணி நேரத்தில் துடிப்பும் இரத்த ஓட்டமும் தொடங்கும். டிஎன்என்டி2ஏ என்ற இதயத் தசை ஜீன் இல்லாத, இதயம் துடிக்காத கருக்களில் 36 மணி நேரத்தில் ரன்எக்ஸ்1, இன்னொரு ஸ்டெம் செல் அடையாளமான சி-மிப் இரண்டும் குறைந்துபோகும். எனவே நிலைப்படுத்துவதற்கு முன், உயிருடன் இருக்கும்போதே ஒவ்வொரு கருவிலும் ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து வையுங்கள். பாராஃபார்மால்டிஹைடில் போட்ட பிறகு தெரியாது. ஓட்டமில்லாத குழாயில் வந்த முடிவை உங்கள் காரணியின் கணக்கில் எழுதாதீர்கள்.

* * *

ஜீனை முடக்க ஊசியில் போடும் மார்ஃபோலினோ பயன்படுத்துவோருக்கு: மினரல் ஆயிலில் விட்ட துளியின் விட்டம் 0.124 மில்லிமீட்டர் இருந்தால் அது 1 நானோலிட்டர். கண் மதிப்பில் 0.15 என்று விட்டால் அளவு 1.8 நானோலிட்டராகிவிடும். மூளை சாம்பல் நிறமாக மங்கினால் செல்களைச் சாகவைக்கும் பி53 கிளம்பிவிட்டது என்று பொருள், அளவைக் குறையுங்கள்.

ஜீன் பிறழ்ந்த (மியூட்டன்ட்) மீனிலும் நிம்மதி கிடையாது. தொடக்கத்திலேயே நிறுத்தக் குறி விழுந்த எம்ஆர்என்ஏ சிதையும்போது ஒத்த ஜீன்கள் தலைதூக்கி ஈடுகட்டலாம். காட்டா2ஏ, காட்டா2பி என்று மீனில் இரட்டை ஜீன்கள் பல. பி அழிந்தால் ஏ எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் "விளைவு இல்லை" என்று சொல்லிவிட முடியாது.

சாயத்துக்கு மதிப்பெண் போட்ட பிறகே ஜீனோடைப் (எந்தக் கருவில் ஜீன் பிறழ்ந்திருக்கிறது என்று) பாருங்கள், முன்னால் பார்த்தால் கண் தானாக வளையும். சாயமேற்றிய கருவிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம், ஆனால் துண்டு துண்டாகத்தான் வரும். 300 கார இணைக்குக் குறைவான பிசிஆர் வையுங்கள்.

* * *

முதல் அலைச் சிவப்பணுக்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டா1 என்ற சிவப்பணுக் காரணி இல்லாத, விளாட் டெப்பஸ் எனப்படும் கருவில் "இரத்தமே இல்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த முன்னோடிச் செல்கள் செத்துப்போவதில்லை, வெள்ளணுக் காரணியான பியூ.1 கை ஓங்கி வெள்ளணுப் பக்கம் சாய்கின்றன. வெள்ளணுவைக் காட்டும் எம்பிஎக்ஸ் புரோப் போட்டால்தான் அது தெரியும்.

ஹீமோகுளோபினுக்கு ஓ-டயனிசிடின் சாயம்: 70 மில்லி எத்தனாலில் 100 மில்லிகிராம் கரைத்த இருப்பிலிருந்து 2 மில்லி, 0.1 மோலார் சோடியம் அசிடேட் (பிஎச் 4.5) அரை மில்லி, தண்ணீர் 2 மில்லி, கடைசியாக 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 மில்லி. இருட்டில் 15 நிமிடம். பெராக்சைடை முன்கூட்டியே கலந்து வைத்தால் கலவை தானாகப் பழுத்துப் பின்னணி ஏறும். நிறமி உருவாவதைத் தடுக்கும் 0.003% பிடியு போடாத கருவில் நிறமிப் புள்ளிகளை இரத்தம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ஓ-டயனிசிடின் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள் என்று கருதப்படுவது, கையுறையுடன் புகைப்பெட்டிக்குள்ளேயே கலக்குங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.