ஆதரவு முடிந்த மடிக்கணினியில் பால் சங்கக் கணக்கு: தொடரலாமா, கூடாதா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் கணக்கு, 2017இல் வாங்கிய ஒரு மடிக்கணினியில் இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தரும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்த மாடலுக்குப் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பு வெளியிடுவதைத் தயாரிப்பு நிறுவனம் அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. ஏழாம் தலைமுறையில் மிகச் சில செயலிகளைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இதைச் சொல்லிப் புதியது வாங்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. நான் அதற்கு உடன்படவில்லை. அளந்த பாலின் லிட்டரையும் கொழுப்புச் சதவீதத்தையும் வைத்து இன்றுவரை பிசகில்லாமல் தொகை போட்டுத் தரும் ஒரு கருவியை, ஒரு தேதி கடந்துவிட்டது என்பதற்காக ஒதுக்கித் தள்ளுவது பால் ஊற்றுகிறவர்களின் காசை வீணாக்குவதாகும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாளையார் கணக்கர்:
ஆசிரியர் ஐயா, கருவி ஓடுகிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதற்குள் இருப்பவை யாருடையவை என்று பாருங்கள். உறுப்பினர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் ஆகியவை அந்த வட்டில் இருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது நம் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் சில கணினிகளும், வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் முடங்கின. ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளும் தப்பவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்ட அந்த நிரல், எங்கோ தொலைதூரத்து நிறுவனங்களை மட்டும் தேடிப் போகவில்லை. பால் சங்கம் சிறியது என்று அது விட்டுவைக்காது.

வேலந்தாவளம் டிடிபி:
கணக்கர் அண்ணன் சொன்ன எடுத்துக்காட்டு அவருக்கே எதிராக நிற்கிறது. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு 2017 மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. தாக்குதல் தொடங்கியதோ மே 12இல். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி வரை ஆதரவு இருந்தது. ஆகவே அன்று கெடுத்தது பழமை அல்ல, புதுப்பிக்காத அலட்சியம். என் கடையில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக் கோப்புகளும் நிறைந்த விண்டோஸ் 7 கணினி ஒன்று இணைய இணைப்பே இல்லாமல் இன்றும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10க்கு, அதனுடனே வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கும்போது இவ்வளவு அச்சம் எதற்கு?

வாளையார் கணக்கர்:
தம்பி, தேதிகள் சரி, முடிவு சரியில்லை. அன்று அலட்சியமாக இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், கவனமாக இருந்தவர்கள் தப்பினார்கள். ஆதரவு முடிந்த பிறகு கவனமாக இருப்பவருக்கும் போடுவதற்குப் புதுப்பிப்பு இருக்காது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 10க்கும் 11க்கும் அடிப்படை நிரலில் பெரும்பகுதி பொது. ஒவ்வொரு மாதமும் 11க்குத் திருத்தம் வெளியாகும்போது, எது மாறியது என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு 10இல் எந்த ஓட்டை திறந்து கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். டிஃபெண்டர் அறிந்த தீநிரலை அடையாளம் காணுமே தவிர, அந்த ஓட்டையை அடைக்காது. இணையம் இல்லாத உங்கள் கணினிக்கும் நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் வந்து போகிறது அல்லவா? 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பில்லாத ஈரான் யுரேனியம் செறிவூட்டும் கூடக் கணினிகளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் நுழைந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
ஓராண்டு கூடுதல் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே? அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பு எடுத்து வைத்தால் கட்டணமில்லை, இல்லையென்றால் 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்.

வாளையார் கணக்கர்:
அது தனிநபர்களுக்கான திட்டம். நிறுவனங்களுக்கு முதலாண்டில் கருவி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். சங்கத்தின் கணினியை உங்கள் சொந்தக் கணக்கில் பதிந்து வைப்பீர்களானால், நீங்கள் பொறுப்பிலிருந்து விலகும் நாளில் அது யாருடைய கணினி?

குப்பம் பழுதுநீக்கம்:
நான் மடிக்கணினிகளைப் பிரித்துச் சரிசெய்கிறவள். இருவரும் விண்டோஸைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மேசைக்கு வருகிறவற்றை வைத்து நானும் சொல்கிறேன். இந்த வயதுடைய மடிக்கணினியில் முதலில் டச்பேடை அழுத்திப் பார்ப்பேன். ஒரு மூலையில் அது மேலெழுந்து, அழுத்தினால் 'டக்' என்று இறங்காமல் கல்லைப் போல் நின்றால், அடியில் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் சார்ஜில் போடாமல் உடனே கழற்றிவிட வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். தயாரிப்பாளர் அந்த பேட்டரியை விற்பதை நிறுத்திய பிறகு சந்தையில் கிடைப்பவற்றில் தரமானதைப் பொறுக்குவதுதான் கடினம், மாற்றுவது கடினமன்று. சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் அதே கணினி வேறொன்றாகிவிடும். ஆகவே அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆசிரியர் ஐயா, விண்டோஸ் 10ஐ அதில் வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஏன்? கேரளப் பள்ளிகளில் உங்கள் மாணவர்கள் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு வழி இயங்குதளத்தில்தானே படிக்கிறார்கள்? உபுண்டு 24.04க்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். பயாஸ் புதுப்பிப்பு நின்றுபோனாலும், இன்டெல் வெளியிட்டிருக்கும் மைக்ரோகோடு (செயலியின் உள்நிரல்) திருத்தங்களை லினக்ஸ் தொடங்கும்போதே செயலியில் ஏற்றிவிடும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
அம்மா, நீங்கள் சொல்வது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகை முறையில் அதே இயங்குதளத்தில் தட்டச்சு செய்வதை நான் அன்றாடம் பார்க்கிறேன். தயாரிப்பாளர் கைவிட்டதற்கும் கருவி செத்துவிட்டதற்கும் இடையே இத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிவருகிறேன்.

வாளையார் கணக்கர்:
லினக்ஸை நான் மறுக்கவில்லை. ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. தணிக்கைக்குக் கேட்கும் கோப்பும் அதில்தான் இருக்கிறது. மின்கையொப்பம் இடப் பயன்படும் யுஎஸ்பி டோக்கனுக்கு லினக்ஸில் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) கிடைப்பது டோக்கனைப் பொறுத்தது, கிடைத்தாலும் செயலாளரே அதை நிறுவிப் பழக வேண்டும். உங்கள் ஊரில் அதைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் மாற்றலாகிப் போனால், வழி தெரியாமல் யாரோ திருட்டு விண்டோஸைப் போட்டுவிடுவார்கள். அப்போது இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்குச் சங்கம் போய்விடும். பணம் கையாளும் வேலைக்கு மட்டுமாவது, ஆதரவுள்ள கணினி ஒன்றைச் சங்கம் வாங்கியே ஆக வேண்டும்.

வேலந்தாவளம் டிடிபி:
அப்படியென்றால் காலை மாலை பால் அளவைப் பதியும் வேலை பழையதில் இருக்கட்டும், வங்கியும் டேலியும் புதியதில் இருக்கட்டும். பென் டிரைவ் பற்றி அண்ணன் சொன்னதை நான் மறுக்க முடியாது. ஆனால் பதினைந்து ஆண்டுக் கோப்புகளை வைத்திருக்கும் என் கணினியை அதற்காக நிறுத்திவிடவும் மாட்டேன். கோப்புகளை வேறொரு கணினியில் சோதித்த பிறகே அதற்குள் விடுவேன்.

வாளையார் கணக்கர்:
பிரித்து வைப்பதை ஏற்கிறேன். ஆனால் பழையதில் உள்ள உறுப்பினர் விவரங்களையும் ஆதார் நகல்களையும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழைய வட்டை முற்றிலும் அழித்த பிறகே லினக்ஸ் நிறுவ வேண்டும். ஆசிரியர் ஐயா இதை வாய்மொழியாக விடாமல் பொதுக்குழுவில் வைத்து, எந்தக் கணினியில் எந்த வேலை, கடவுச்சொல் யாரிடம், காப்பு நகல் எங்கே என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பொதுக்குழுவில் வைக்கிறேன். புதியது வாங்குவதற்கு நான் இன்னும் எதிரானவனே; பழையதை லினக்ஸில் ஓட்டிக் காட்டிவிட்டு, டோக்கன் வேலை செய்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்த்த பிறகு உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும்.

குப்பம் பழுதுநீக்கம்:
அதற்கு முன்பு அந்த டச்பேடை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள், ஐயா.