பயன்படாத கிளாக்குகள் அணைந்ததும் போர்டு உறைந்துவிடுகிறது

கேள்வி:
ஓர் ஆர்ம் சிப்பின் டிஸ்ப்ளே கன்ட்ரோலருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதி வருகிறேன். பூட்லோடர் லோகோவைக் காட்டுகிறது, டிரைவரின் ப்ரோப் (சாதனத்தைத் தயார்செய்யும் தொடக்கச் செயல்பாடு) பிழையின்றி முடிகிறது. ஆனால், பயன்படாத கிளாக்குகளை (சிப்பின் பகுதிகளை இயக்கும் துடிப்புகளை) அணைப்பதாகக் கர்னல் சொல்லும் வரி சீரியல் கன்சோலில் வந்தவுடன் போர்டு உறைந்துவிடுகிறது, ஊப்ஸ் எனும் கர்னல் பிழைச் செய்திகூட வருவதில்லை. பூட் அளவுருக்களில் ‘சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு’ சேர்த்தால் ஓடுகிறது. காரணம் தெரியாமல் அதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. எங்கே தேடலாம்?

முதல் பதில்:
பூட்லோடர் இயக்கி வைத்த ஏதோ ஒரு கிளாக்கை உங்கள் டிரைவர் கேட்டுப் பெறாமலேயே பயன்படுத்துகிறது. பூட்டின் கடைசிக் கட்டத்தில், எந்த டிரைவரும் எனேபிள் செய்யாத கிளாக்குகளைக் கர்னல் அணைத்துவிடும். பிக்சல் கிளாக்கை யாரும் மறப்பதில்லை. ரெஜிஸ்டர்களை (சாதனத்தின் கட்டுப்பாட்டு நினைவிடங்களை) எட்ட உதவும் பஸ் கிளாக்தான் பெரும்பாலும் விடுபடும். விசிங்க் இன்டரப்ட் (திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் வரும் குறுக்கீடு) நொடிக்கு 60 முறை வருகிறது என்றால், பஸ் கிளாக் நின்ற 17 மில்லிநொடிக்குள் உங்கள் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கப் போய், பதில் வராத பஸ்ஸில் பிராசசர் மாட்டிக்கொள்ளும். சில சிப்களில் அபார்ட் எனும் பிழை வரும், சிலவற்றில் இப்படி ஓசையின்றி நின்றுவிடும். டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு முறைமையில்) ‘சிஎல்கே_சம்மரி’ கோப்பைத் திறந்து, பஸ் கிளாக்கின் எனேபிள் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள்.

கேட்டவர்:
பஸ் கிளாக்தான். டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) சேர்த்து, ப்ரோபில் ப்ரிப்பேரும் எனேபிளும் செய்தபின் உறைவதில்லை, மிக்க நன்றி. ஆனால் ரன்டைம் சஸ்பெண்டுக்கு (வேலையில்லாதபோது சாதனம் மட்டும் உறங்கும் நிலைக்கு) சென்று மீண்டால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ரெஜிஸ்டர்களில் ரீசெட் மதிப்புகளே உள்ளன.

இரண்டாம் பதில்:
கிளாக்கை மட்டும் நிறுத்தினால் ரெஜிஸ்டர் மதிப்புகள் அப்படியே இருக்கும். பவர் டொமைன் (சேர்ந்தே மின்சாரம் பெறும் சிப் பகுதி) அணைந்தால், அவற்றைத் தக்கவைக்கும் வசதி சிப்பில் இல்லாதவரை, அழிந்துவிடும். ‘பிஎம்_ஜென்பிடி_சம்மரி’ கோப்பில் உங்கள் டொமைன் அணைந்திருப்பதைக் காண்பீர்கள். ரன்டைம் ரெஸ்யூமில் உங்கள் கால்பேக் அழைக்கப்படும் முன்பே ஜென்பிடி (பவர் டொமைன்களை நிர்வகிக்கும் கர்னல் பகுதி) டொமைனை இயக்கிவிடும் என்பதால், அங்கே நீங்கள் கிளாக்குகளை இயக்கி, பிறகு ரெஜிஸ்டர்களை மீண்டும் எழுதினால் போதும். ரெக்மேப் கேஷ் (ரெஜிஸ்டர் மதிப்புகளின் நினைவக நகல்) வைத்திருந்தால், சஸ்பெண்டில் கேஷ்-ஒன்லிக்கு (எழுதுவது நகலுக்கு மட்டுமே போகும் நிலைக்கு) மாற்றி டர்ட்டி (வன்பொருளோடு ஒத்துப்போகாதது) எனக் குறித்துவிட்டு, ரெஸ்யூமில் கேஷ்-ஒன்லியை நீக்கி சிங்க் செய்யுங்கள்.

சாதனத்தை எழுப்பும் ‘பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்’ தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும் என்பதால், பிழைப் பாதையில் அதைக் குறைக்க மறந்தால் டொமைன் பிறகு அணையவே அணையாது. கர்னல் 5.10 முதல் உள்ள ‘பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட்’ அதைத் தானே சரிசெய்கிறது. இன்டரப்ட் லைனைப் பிற சாதனங்களோடு பகிர்ந்திருந்தால், டொமைன் அணைந்திருக்கும்போதும் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படலாம். ரெஜிஸ்டரைத் தொடும் முன் ‘பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_இன்_யூஸ்’ கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பழைய உறைவு திரும்ப வரும்.