துபாயில ஆசியா ஜெயிச்சுதா?

அஸ்தம்பட்டி அலை: "அலைக்கற்றையில இனி ஆசியா வெச்சதுதான் சட்டம், 2023 துபாய் மாநாடே சாட்சி"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்கார். எந்த ரேடியோ அலை எதுக்குன்னு ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு முடிவெடுக்கிற உலக வானொலி மாநாடு அது. படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. 6425–7025 மெகாஹெர்ட்ஸை மொபைலுக்குன்னு குறிச்சது, ஐடியு உலகத்தை மூணு மண்டலமாப் பிரிச்சதுல முதல் மண்டலத்துக்கு. அதாவது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அரபு நாடுங்க. நாம இருக்கிற மூணாவது மண்டலத்துல அதுல சேர்ந்தது மூணே நாடு: கம்போடியா, லாவோஸ், மாலத்தீவு. இதுவா ஆசியா?

அடிவாரத்தான்: எழுதினது நான்தானுங்க, பேர் சொல்லியே கேக்கலாம். 7025–7125 நம்ம மண்டலத்துக்கும் கிடைச்சதை ஏன் முழுங்கிட்டீங்க? 2027 மாநாடு எங்க? ஷாங்காய்ல. 2022 முடியற வரைக்கும் ஐடியு தலைமைச் செயலாளர் யாரு? சீனாவோட ஹூலின் ஜாவ்.

அஸ்தம்பட்டி அலை: அது 100 மெகாஹெர்ட்ஸ். நான் பேசறது 600. அங்க மூணே நாடு. ஊரை வெச்சுப் பலம்னா, 2019 மாநாடு நடந்த எகிப்துதான் உலகத்தை ஆளணும். ஜாவுக்கு அப்புறம் வந்தது அமெரிக்காவோட டோரீன் போக்டன்-மார்ட்டின். ரஷ்யக்காரரை 139க்கு 25னு தோக்கடிச்சாங்க. அதையும் எழுதுங்க.

ஏற்காடு மிளகு: அலை அண்ணா, 2020லயே 5925–7125 முழுசையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது அமெரிக்கா. துபாயில பிரேசிலும் மெக்சிகோவும் மேல் பாதியை, அதாவது 6425–7125ஐ, மொபைலுக்குன்னு குறிச்சுக்கிட்டாங்க. சொந்த மண்டலத்துலயே அமெரிக்கா பேச்சு எடுபடலையே?

அஸ்தம்பட்டி அலை: பேச்சை மாத்தாதீங்க. அமெரிக்கா தோத்துச்சான்னு யார் கேட்டது? ஆசியா ஜெயிச்சுதான்னுதான் கேள்வி. மூணே நாடு.

அடிவாரத்தான்: மாலத்தீவு சின்னதுன்னா ஓட்டும் சின்னதா? ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு.

அஸ்தம்பட்டி அலை: உலக வானொலி மாநாட்டுல ஓட்டுக்கே விடாம, பேசிப் பேசி ஒத்துக்க வைக்கிறதுதான் வழக்கம். இது தெரியாதவர் எழுதறதைத்தான் பசங்க நம்பறாங்க. எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஏற்காடு மிளகு: நம்ம ஹாம் ரேடியோக்காரங்களோட 40 மீட்டர் அலைவரிசையைப் பாருங்க. 2003ல முடிவெடுத்து, 7100–7200 கிலோஹெர்ட்ஸ் கையில வர 2009 மார்ச் ஆச்சு. அமெரிக்காக்காரன் 7300 வரைக்கும் பேசறான். மலை மேல நின்னாலும் நமக்கு 7200தான். இதைக் கேக்க யாருமில்ல.

அஸ்தம்பட்டி அலை: மலையில நிக்கிறவர் மொதல்ல என்கிட்ட வாங்கிட்டுப் போன ஆன்டெனா கோஆக்ஸ் கேபிளைத் திருப்பித் தரட்டும்.

ஏற்காடு மிளகு: அது பாதி அறுந்த கேபிள். எல்லார் முன்னாடியும் எழுத வேண்டிய விஷயமா இது?

அடிவாரத்தான்: அறுந்ததா? நல்லா இருக்குன்னு சொல்லித்தானே அதே சுருள்ல எனக்கும் வித்தார்!

அஸ்தம்பட்டி அலை: வித்தப்ப நல்லாத்தான் இருந்தது. மூணே நாடுங்கிறதுக்கு ரெண்டு பேரும் இன்னும் பதில் சொல்லலை.